வீட்டில் வைக்க முடியாத துப்பாக்கிகள்

பழைய இரட்டைக் குழல் துப்பாக்கிகள் மீது எனக்குப் பைத்தியம் என்று சிங்கப்பூரில் யாரிடமாவது சொன்னால், கேட்கிறவர் முகத்தில் முதலில் தெரிவது ஆர்வம் அல்ல, பயம். "உள்ள தூக்கிப் போட்ருவாங்களே?" என்பார்கள். போடமாட்டார்கள். என் வீவக (அரசாங்க வீடமைப்புக் கழக) வீட்டில் இந்தப் பைத்தியத்தின் அடையாளமாக இருப்பவை ஒரு துளை அளவி, மெல்லிய நாக்குள்ள சில ஸ்க்ரூடிரைவர்கள், ஓர் அலமாரித் தட்டு நிறையப் புத்தகங்கள், அவ்வளவுதான். காலித் தோட்டா ஒன்றுகூடக் கிடையாது.

இந்த ஊர்ச் சட்டம் அப்படி. 1973-ஆம் ஆண்டின் ஆயுதக் குற்றச் சட்டப்படி, ஒருவரைக் காயப்படுத்தும் நோக்கத்தோடு துப்பாக்கியால் சுட்டால், குண்டு யார் மீதும் படாவிட்டாலும் மரண தண்டனை. உரிமம் இல்லாமல் வைத்திருந்தாலே சிறையும் பிரம்படியும். 2021-இல் துப்பாக்கி, வெடிபொருள், மற்ற ஆயுதங்கள் எல்லாவற்றுக்கும் சேர்த்து நாடாளுமன்றம் புதிய சட்டம் நிறைவேற்றியபோதும் கறார் குறையவில்லை. சுடும் விளையாட்டில் இருப்பவர்கள்கூடத் தங்கள் துப்பாக்கியை வீட்டுக்குக் கொண்டுபோக முடியாது. அது கிளப்பின் ஆயுதக் கிடங்கிலேயே இருக்கும். எனக்கு இதில் புகார் எதுவும் இல்லை. தேசிய சேவையில் எம்16 தூக்கிய தலைமுறை நான். சுடும் பயிற்சி முடிந்ததும் வரிசையில் நின்று, காலித் தோட்டா உட்பட எதுவும் என்னிடம் இல்லை என்று உரக்கச் சொல்லிவிட்டுத்தான் லாரி ஏறுவோம். அந்தப் பழக்கம் ரத்தத்தில் ஊறிவிட்டது. இரவு ஒரு மணிக்கு என் மகள் தனியாகப் பேருந்திலிருந்து இறங்கி நடந்து வரும் ஊரில், என் பொழுதுபோக்குக்காகச் சட்டத்தைத் தளர்த்தச் சொல்ல எனக்கு வாய் வராது.

அப்புறம் எப்படிச் சேர்க்கிறாய் என்றால், அதற்கு மச்சான் இருக்கிறார். மனைவியின் அண்ணன். பர்மிங்ஹாம் பக்கம் குடியேறிப் பல வருடங்கள் ஆகின்றன. அங்கே காவல்துறையிடம் சான்றிதழ் வாங்கியவர், சுவரில் போல்ட் போட்டு இறுக்கிய இரும்புப் பெட்டியில் துப்பாக்கிகளை வைத்திருக்கிறார். சட்டப்படி எல்லாம் அவருடையவை. பணத்தில் பாதி என்னுடையது, வாக்குவாதத்தில் முக்கால்வாசி என்னுடையது. விடுமுறை கிடைக்கும்போது போவேன். எனக்கான பார்வையாளர் அனுமதிக்கு அங்கே வசிக்கும் அவர்தான் விண்ணப்பிக்க வேண்டும்.

நாங்கள் தேடுவது 12 போர் அல்ல, அதைவிடப் பெரியவை. தமிழ்நாட்டுக் கிராமங்களில் உரிமத்தில் டி.பி.பி.எல். (பின்பக்கம் தோட்டா போடும் இரட்டைக் குழல்) என்று எழுதியிருக்கும் துப்பாக்கியைப் பார்த்தவர்களுக்கு 12 போர் தெரியும். தேர்தல் வந்தால் மூட்டை கட்டிக் காவல் நிலையத்தில் ஒப்படைப்பார்களே, அதுதான். இந்த எண் எதைக் குறிக்கிறது என்று கேட்டால் பலர் விழிப்பார்கள். ஒரு பவுண்டு ஈயத்தைச் சமமாக 12 உருண்டைகளாகப் பிரித்தால், ஓர் உருண்டையின் விட்டம் 18.5 மி.மீ. அந்த உருண்டை சரியாக நுழைகிற குழல் 12 போர். 10 உருண்டைகளாகப் பிரித்தால் 19.7 மி.மீ., எட்டாகப் பிரித்தால் 21.2. நான்காகப் பிரித்தால் ஒவ்வொன்றும் கால் பவுண்டு, 113 கிராம். அதனால்தான் எண் சிறுக்கச் சிறுக்கக் குழல் பெருக்கிறது.

பெரிய குழல் என்றதும் தோளைக் கழற்றும் உதையும் காதைக் கிழிக்கும் வெடியும் நினைவுக்கு வரும். பாதிதான் உண்மை. விக்டோரியா காலத்துத் துப்பாக்கித் தொழிலாளர்களிடம் ஒரு கணக்கு இருந்தது. துப்பாக்கியின் எடை, அது வீசும் ஈய ரவையின் எடையைப் போல் 96 மடங்கு இருக்க வேண்டும். 42 கிராம் ரவை போடும் 10 போர் என்றால் நான்கு கிலோ. 57 கிராம் போடும் 8 போர் என்றால் ஐந்தரைக் கிலோ. இந்தக் கணக்குக்குள் நின்று செய்த பெரிய போர், கணக்கை மீறிச் செய்த மெல்லிய 12 போரைவிடத் தோளுக்கு இதமானது. அதிலும் அந்தக் காலத்துப் புகை கக்கும் கருமருந்து என்றால் கேட்கவே வேண்டாம். அது அடிப்பதில்லை, தள்ளும். ஐந்தரைக் கிலோவைத் தூக்கிக்கொண்டு சுடுவதற்காக வானில் வீசும் களிமண் தட்டைத் துரத்துவது வேறு விஷயம். மறுநாள் வலிக்கிற இடம் வலது தோள் அல்ல, இடது கை.

எங்களிடம் இருப்பதில் எனக்குப் பிடித்தது ஒரு 10 போர். வெளிக்குதிரைத் துப்பாக்கி (தோட்டாவை வெடிக்கவைக்கும் சுத்தியல் வெளியே தெரியும்), டமாஸ்கஸ் குழல்கள். இரண்டு குழல்களுக்கும் நடுவே ஓடும் பட்டையில் பி. ஆர் அண்ட் சன்ஸ், மெட்ராஸ் என்று பொறித்திருக்கிறது. ஆமாம், மவுண்ட் ரோட்டில் மணிக்கூண்டோடு நிற்கும் அந்தக் கடிகாரக் கடைதான். கடிகாரம், நகை, வெள்ளிச் சாமான்களோடு அவர்கள் துப்பாக்கியும் விற்றார்கள். கடைப் பெயர் மெட்ராஸ் என்றாலும் துப்பாக்கி பர்மிங்ஹாமில் பிறந்தது. கீழே குழலைத் திருப்பினால் பர்மிங்ஹாம் சோதனைக் கூடத்தின் முத்திரை. அதன் பக்கத்தில் 'நாட் ஃபார் பால்' என்று சிறிய எழுத்துகள். முனையில் சற்றே குறுகிய குழலில் ரவை மட்டும் போடு, முழுக் குண்டு போடாதே என்ற எச்சரிக்கை அது. 1875-இலிருந்து 1887 வரைதான் இந்த வாசகத்தைக் குத்தினார்கள். ஆகவே பிறந்த தேதி தோராயமாகக் கையில் வந்துவிட்டது.

மெட்ராஸில் அதை வாங்கியது எந்தத் துரை, எந்த ஜமீன், தெரியாது. பழவேற்காட்டு ஏரியில் வாத்து சுட்டிருக்கலாம் என்பது மச்சானின் கற்பனை. எனக்கு வேறு ஒரு நினைவு வரும். என் தாத்தா ஜொகூரில், குளுவாங் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் வேலை பார்த்தவர். காட்டுப் பன்றி சுடப் போகும் துரைக்குத் துப்பாக்கி துடைத்துக் கொடுக்கிற வேலையும் அவருக்கு இருந்தது. சுடும் வேலை ஒருநாளும் அவருக்குக் கிடைத்ததில்லை. "அது கனம், ஆனா கையில வச்சா கனம் தெரியாது" என்று பாட்டியிடம் சொல்லியிருக்கிறார். நல்ல துப்பாக்கியின் சமநிலையை இதைவிடத் துல்லியமாகச் சொன்ன ஆளை நான் பார்த்ததில்லை.

இங்கிலாந்துச் சட்டத்தில் எனக்குப் பிடித்த ஒரு வினோதம் உண்டு. வழக்கொழிந்த தோட்டா அளவுகளுக்கு ஒரு பட்டியல் வைத்திருக்கிறார்கள். 4 போர், 8 போர், தோட்டா அறை 2 5/8 அல்லது 2 7/8 அங்குல நீளமுள்ள பழைய 10 போர் வகைகள் அதில் அடக்கம். அவற்றை அலங்காரப் பொருளாகச் சுவரில் மாட்டி வைக்கச் சான்றிதழ் தேவையில்லை. சுடப் போகிறேன் என்று நினைத்த கணத்திலிருந்து தேவை. எங்கள் 10 போர் சான்றிதழில் ஏறியது. ஆனால் சுடுவதற்கு முன்னால் செய்ய வேண்டியவை நிறைய.

முதலில் குழல்களைக் கட்டையிலிருந்து பிரித்து, கீழ்க் கொக்கியில் ஒரு நூலைக் கட்டித் தொங்கவிட்டு, விரல் கணுவால் சுண்ட வேண்டும். சந்தையில் மண் பானையைத் தட்டிப் பார்த்து வாங்குவோமே, அதே சோதனைதான். நீண்டு ஒலித்தால் பற்றவைப்பு உறுதி. 'டொக்' என்று அடங்கினால் நடுப்பட்டை எங்கோ விட்டிருக்கிறது, உள்ளே ஈரம் போய் நம் கண்ணுக்குத் தெரியாமல் துரு தின்றுகொண்டிருக்கிறது.

அடுத்தது அளவு. நான் ஜூரோங்கில் ஒரு கடைசல் பட்டறையில் மைக்ரோமீட்டரோடு வாழ்ந்தவன். பளபளக்கும் துப்பாக்கியைப் பார்த்தால் மற்றவர்களுக்கு ஆசை வரும், எனக்குச் சந்தேகம் வரும். உள்ளே இருந்த துருக்குழிகளைத் தேய்த்துத் தேய்த்துத்தான் அந்தப் பளபளப்பு வந்திருக்கும். தேய்த்த அளவுக்குச் சுவர் மெலிந்திருக்கும். 140 வயதுக் குழலின் சுவர் எந்த இடத்திலும் அரை மில்லிமீட்டருக்குக் கீழே போனால் நான் விலகிவிடுவேன். சிலர் அதற்கும் கீழே சுடுகிறார்கள், அது அவர்கள் விரல்கள். எங்கள் மெட்ராஸ் துப்பாக்கியில் வலது குழல் நன்றாக இருந்தது. இடது குழலின் நடுவில், முன்கையைப் பிடிக்கும் இடத்துக்குச் சற்று முன்னால், ஒரு பழைய நெளிவைத் தட்டி எடுத்த தடம். அங்கே சுவர் வரம்பை ஒட்டித்தான் இருந்தது. பிடிக்கிற கை அந்த இடத்தில்தான் இருக்கும் என்பதால் அதைப் பல நாள் யோசித்தோம்.

சோதனைக் கூடம் என்று சொன்னேனே, அதைப் பற்றிக் கொஞ்சம். லண்டனில் துப்பாக்கித் தொழிலாளர் சங்கத்துக்கு அரச சாசனம் கிடைத்தது 1637-இல். பர்மிங்ஹாம் கூடம் 1813-இல் நாடாளுமன்றச் சட்டத்தால் வந்தது, பான்பரி தெருவில் இன்றும் வேலை நடக்கிறது. வழக்கத்தைவிட அதிக மருந்து போட்டுச் சுட்டுப் பார்ப்பார்கள். வெடிக்கவில்லை, வீங்கவில்லை என்றால் முத்திரை. முத்திரை செல்லாத துப்பாக்கியை விற்பது 1868-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். குழல் தேய்ந்து துளை பெரிதாகிவிட்டால் பழைய முத்திரை செல்லாது. தோட்டா வைக்கும் பின்முனையிலிருந்து ஒன்பது அங்குலம் உள்ளே அளப்பார்கள். எங்களுடையது முத்திரை எண்ணைவிட ஒரு மயிரிழைதான் அகன்றிருந்தது. நவீனப் புகையில்லா மருந்துக்கு மறு சோதனை செய்துகொள்ளலாம் என்று மச்சான் சொன்னார். நான் வேண்டாம் என்றேன். கருமருந்துக்குப் பிறந்தது கருமருந்திலேயே இருக்கட்டும். சோதனையில் தோற்றால் கையில் இருப்பது வெறும் இரும்புக் குழாய்.

டமாஸ்கஸ் குழல் பற்றி எங்கள் குடும்ப வாட்ஸ்அப்பில் ஒரு சித்தப்பா வருடா வருடம் ஒன்று அனுப்புவார். டமாஸ்கஸ் எஃகு என்பதே நம் கொடுமணல் எஃகுதான், வெள்ளைக்காரன் திருடிவிட்டான் என்று. கொடுமணலில் உலை வைத்து எஃகு உருக்கியதற்குத் தடயம் கிடைத்தது உண்மை. தென்னிந்திய எஃகு மேற்காசியா போய் வாளானதும் உண்மை. ஆனால் துப்பாக்கிக் குழல் வேறு சங்கதி. இரும்புத் தகட்டையும் எஃகுத் தகட்டையும் மாற்றி மாற்றி அடுக்கிக் கம்பியாக அடித்து, அந்தக் கம்பியைத் திருகாணி அளவுக்கு முறுக்கி, அப்படி இரண்டு மூன்று கம்பிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நாடாவாக்கி, அந்த நாடாவை ஓர் உருளையின் மேல் சுற்றிச் சம்மட்டியால் அடித்து ஒட்டவைப்பார்கள். முடிந்ததும் அமிலம் தொட்டால் இரும்பு ஒரு நிறம், எஃகு ஒரு நிறம் என்று சுழிச்சுழியாகக் கோலம் எழும்பும். பெல்ஜியத்தில் லியேஜ் நகரை ஒட்டிய வெஸ்த்ர் ஆற்றுப் பள்ளத்தாக்கில், நெசோன்வோ தொடங்கி ஊர் ஊராக இதே வேலை நடந்தது. முதல் உலகப் போரோடு அந்தத் தொழில் சாய்ந்தது. அத்தனை முறுக்கும் அத்தனை ஒட்டும் மனிதக் கையால் நடந்தது என்பதை நினைத்துக்கொண்டு குழலைப் பார்த்தால், சித்தப்பாவின் பெருமை அதற்குத் தேவைப்படாது.

புதுப்பிப்பு என்று வரும்போது என் கட்சி ஒன்றுதான்: கை வைக்காதே. ஏலத்துக்கு வரும் பழைய துப்பாக்கிகளில் துருப்பிடித்துக் கெட்டவற்றைவிட, அழகுபடுத்திக் கெட்டவை அதிகம். கட்டையை மணல்தாளால் தேய்த்திருப்பார்கள். இரும்பும் மரமும் ஒரே மட்டத்தில் இருந்த இடத்தில் இப்போது இரும்பு துருத்திக்கொண்டு நிற்கும். பூவேலைப்பாடு வழவழத்துப் போயிருக்கும். தடித்த ஸ்க்ரூடிரைவரைத் திணித்து ஆணித் தலையைச் சிதைத்திருப்பார்கள். அந்தக் காலத்து ஆணிகளின் வெட்டு நகக்கண் அளவுக்கு மெல்லியது, எல்லாம் குழலின் திசையையே பார்த்து நிற்கும். ஒன்று கோணலாக நின்றால் அங்கே யாரோ நுழைந்திருக்கிறான் என்று அர்த்தம்.

மெட்ராஸ் துப்பாக்கிக்கு உண்மையில் தேவைப்பட்டது மூன்று வேலை. துப்பாக்கியை வாய் மேலாக நிறுத்தியே நூறு வருடம் வைத்திருக்கிறார்கள். எண்ணெய் மெல்ல இறங்கி, கட்டையின் தலைப்பகுதி மரம் கறுத்து ஊறிப்போயிருந்தது. ஊறிய மரம் பிசுபிசுத்துப் பிளக்கும். சுண்ணக்கட்டித் தூளை அசிட்டோனில் குழைத்துப் பூசி, காயவிட்டு, உதிர்த்து, மறுபடி பூசி, எண்ணெய் நிற்கும்வரை உறிஞ்ச வைத்தோம். பிறகு கட்டையில் இருந்த பள்ளங்களின் மேல் ஈரத்துணி போட்டு இஸ்திரிப் பெட்டியை வைத்தோம். ஆவி போனதும் நசுங்கிய மர நார் தானே எழும்பும், வெட்டுப்பட்ட நார் எழும்பாது. அதை அப்படியே விட்டோம். கடைசியில் ஆளி விதை எண்ணெய், உள்ளங்கையால் தேய்த்துத் தேய்த்து.

மூன்றாவது வேலையைத்தான் எங்களால் செய்ய முடியவில்லை. குழல்களை மூடினால் பின்முனைக்கும் பூட்டின் முகத்துக்கும் நடுவில் ஒரு சிகரெட் பேப்பர் தாராளமாகப் போனது. கீல் தேய்ந்துவிட்டது. இதற்கு பர்மிங்ஹாமின் பழைய துப்பாக்கித் தெருக்களில் இன்னும் பட்டறை வைத்திருக்கும் ஒரு முதியவரிடம் போனோம். நான் மைக்ரான் கணக்கில் பேச, அவர் ஒரு மண்ணெண்ணெய் விளக்கை ஏற்றினார். கொக்கியைப் புகையில் காட்டிக் கறுப்பாக்கி, மூடித் திறந்து, எங்கே கரி அழிந்திருக்கிறதோ அங்கே மட்டும் அரத்தால் ஓர் இழை. மறுபடி புகை, மறுபடி மூடல். எந்த அளவியும் இல்லாமல் அவர் முடித்த பொருத்தத்தில் ஒளிகூட நுழையவில்லை. பட்டறை வாழ்க்கை முழுக்க நான் நம்பிய கருவிகள் மேல் எனக்குக் கொஞ்சம் கோபமே வந்தது.

சுடுவது பற்றிச் சொல்ல அவ்வளவு இல்லை. அங்கே பெரும்பாலான தட்டுச் சுடும் மைதானங்களில் 12 போருக்கு மேல் விடமாட்டார்கள், ஒத்துக்கொள்கிற இடம் தேட வேண்டும். இடது குழலுக்கு எப்போதும் சின்ன அளவு மருந்து. குதிரையை இழுத்து நிறுத்தி, விசையைத் தொட்டால் 'டும்' என்று ஒரு கனத்த சத்தம், உடனே வெள்ளைப் புகைச் சுவர். தட்டு உடைந்ததா இல்லையா என்று பக்கத்தில் நிற்பவர்தான் சொல்ல வேண்டும். காற்று இல்லாத நாளில் இரண்டாவது தட்டை மறந்துவிடலாம். சுட்டு முடித்ததும் குழலுக்குள் கொதிக்கும் நீரை ஊற்றிக் கழுவியே ஆகணும். கருமருந்துக் கரி காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துத் துருவாக்கும். சராசரி ஈரப்பதம் 80 விழுக்காட்டைத் தாண்டும் நம் ஊரில் என்றால் காலைக்குள் கதை முடிந்துவிடும்.

ஊரில் இருக்கும்போது பழைய சுவா சூ காங் சாலையோரச் சுடும் தளத்துக்குப் போவேன். அங்கே கிளப்பின் மேல்கீழ் இரட்டைக் குழல், 24 கிராம் ரவை, ஆரஞ்சு வண்ணத் தட்டு. 110 மி.மீ. அகலம், 105 கிராம். எழுபது எண்பது மீட்டர் பறந்து போகும். துல்லியமான, நம்பகமான, எனக்கு எந்தப் பாசமும் இல்லாத துப்பாக்கி. ஆனால் அந்த வட்டாரத்துக்கு ஒரு பழைய கணக்கு உண்டு. சிங்கப்பூரின் கடைசிக் காட்டுப் புலியைச் சுட்டது சுவா சூ காங்கில்தான், 1930-இல். ராஃபிள்ஸ் ஹோட்டல் பில்லியர்ட்ஸ் அறைக்கு அடியில் 1902-இல் சுட்ட புலியைப் பற்றித்தான் சுற்றுலா வழிகாட்டிகள் ஓயாமல் சொல்வார்கள். அது வேடிக்கை காட்டும் கூடாரத்திலிருந்து தப்பி வந்தது. உண்மையான புலிப் பயம் அதற்கு முந்திய தலைமுறைகளுக்கு. கேம்பியர் (தோல் பதனிட உதவும் செடி), மிளகுத் தோட்டக் கூலிகளைப் புலிகள் அடித்துக்கொண்டிருந்த காலத்தில், இந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட கைதிகளைக் குழுக்களாகப் பிரித்துப் பழைய துப்பாக்கிகளைக் கொடுத்துக் காட்டுக்குள் அனுப்பினார்கள். தண்டனைக் கைதியிடமே துப்பாக்கியை நம்பிக் கொடுத்த அதே தீவில்தான் இன்று நான் காலித் தோட்டாவை எண்ணி ஒப்படைத்துவிட்டு வருகிறேன்.

பெரிய போர்களின் இன்னொரு கணக்கு கசப்பானது. இலங்கை மலைநாட்டில் காப்பித் தோட்டங்களுக்காகக் காடழித்த நாட்களில், இந்தக் குழல்கள்தான் யானைகளைச் சாய்த்தன. மேஜர் ரோஜர்ஸ் என்ற ஒரே அதிகாரி 1,400-க்கும் மேல் கொன்றார் என்கிறார்கள். 1845-இல் அப்புத்தளையில் அவர் இடி விழுந்து செத்தார். நுவரெலியாவில் அவர் கல்லறையின் மேலும் இடி விழுந்தது என்று மலையகத்தில் இன்றும் திருப்தியோடு சொல்வார்கள். ஆங்கிலேய வேட்டைக்காரர் சாமுவேல் பேக்கர் அரைப் பவுண்டு குண்டு போடும் ஒரு துப்பாக்கிக்குக் 'குழந்தை' என்று செல்லப்பெயர் வைத்திருந்தார். அந்த வேலைப்பாட்டின் நேர்த்தியையும் அது செய்த வேலையையும் என்னால் தனித்தனியாக வைத்துப் பார்க்க முடியவில்லை. அதனாலேயே யானைத் துப்பாக்கி எதையும் வாங்குவதில்லை என்று முடிவு, வாத்துத் துப்பாக்கிகளோடு நிறுத்திக்கொள்கிறோம். வாத்துகளுக்கும் ஒரு கருத்து இருக்கும், சரி. நாங்கள் சுடுவது தட்டுகளை மட்டும்தான்.

போன வாரம் மச்சான் ஒரு 8 போரின் படங்கள் அனுப்பினார். ஏலத்துக்கு வருகிறது, பெட்டியோடு, விலை ஆச்சரியப்படும் அளவுக்குக் குறைவு. குழல்களின் வாய்ப்பக்கப் படம் கேட்டேன். வந்தது. இரண்டு வாய்களும் ஒன்றையொன்று தொடவில்லை, நடுவில் ஈயம் நிரப்பியிருந்தது. யாரோ குழலை வெட்டிக் குட்டையாக்கியிருக்கிறார்கள். முனைக் குறுக்கமும் வெட்டோடு போயிருக்கும். வேண்டாம் என்று எழுதினேன்.

"வெல கம்மியா இருக்கே மாப்ள."

"அதனாலதான் கம்மி, மச்சான்."

கொஞ்ச நேரம் பதில் இல்லை. அப்புறம் ஒரு 4 போரின் படம் வந்தது, அதே ஏலம், பட்டியலில் இரண்டு பக்கம் தள்ளி. வாத்துத் துப்பாக்கிதான், யானை இல்லை, என்று முன்கூட்டியே ஒரு குறிப்பு. அதை வாங்க வேண்டுமானால் நான் வீட்டைத்தான் விற்க வேண்டும், வாங்கியவர் குடியிருந்தே ஆக வேண்டும் என்று வீவக விதித்த ஐந்தாண்டுக் கெடு இன்னும் முடியவில்லை என்று பதில் போட்டிருக்கிறேன்.